யார் எதைச் செய்யலாம்? வேர்ட்பிரஸ் அதை எப்படித் தீர்மானிக்கிறது?

இணையதளத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் நிர்வாகி கணக்கைக் கொடுத்துவிடுவது சுலபம். "எனக்கு இது திறக்கவில்லை" என்று யாரும் வந்து நிற்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கணக்குகளில் ஏதோ ஒன்றின் கடவுச்சொல் திருட்டுப்போனால் போதும், தளமே கைவிட்டுப் போய்விடும். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் போதும் என்கிறோம்.

இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் மென்பொருள்தான் வேர்ட்பிரஸ். அது ஆரம்பத்தில் பயனர்களை 0 முதல் 10 வரை எண் போட்டுப் பிரித்தது. எண் ஏற ஏற அதிகாரமும் ஏறும். ஐந்தில் இருப்பவருக்கு எட்டில் உள்ள ஒரே ஒரு வேலையை மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் வழியில்லை. 2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு இதை மாற்றி, ரோல்களையும் (பயனர் வகைகளையும்) தனித்தனி அனுமதிகளையும் கொண்டுவந்தது.

இன்று சாதாரணத் தளத்தில் ஐந்து ரோல்கள் இருக்கின்றன: அட்மினிஸ்ட்ரேட்டர் (நிர்வாகி), எடிட்டர், ஆதர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர். கான்ட்ரிபியூட்டர் எழுதலாம், ஆனால் வெளியிட முடியாது. படம்கூட ஏற்ற முடியாது. ஆதர் தன் பதிவை வெளியிடலாம். அடுத்தவர் பதிவில் கைவைக்க எடிட்டராக இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தும்போது "இவர் எடிட்டரா?" என்று வேர்ட்பிரஸ் கேட்பதில்லை. "இந்த வேலைக்கு இவருக்கு அனுமதி இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறது. ரோல் என்பது அனுமதிகளின் தொகுப்புக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். அந்தக் கேள்வியும் இடத்துக்கு ஏற்ப மாறும். ஒரு பதிவைத் திருத்தப் போகிறீர்கள் என்று வையுங்கள். அது உங்களுடையதா, பிறருடையதா, ஏற்கனவே வெளியானதா, இன்னும் வரைவா என்று பார்த்து, அதற்குத் தக்க அனுமதிகளை மென்பொருள் கேட்கும். பிறர் எழுதி வெளியான பதிவு என்றால், பிறர் பதிவைத் திருத்தும் அனுமதி, வெளியான பதிவைத் திருத்தும் அனுமதி இரண்டுமே வேண்டும்.

சரி, இதில் பிளகினுக்கு, அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் மென்பொருளுக்கு, என்ன வேலை? எந்த ரோலுக்கு எந்த அனுமதி என்ற பட்டியல் தரவுத்தளத்தில் இருக்கிறது. வேர்ட்பிரஸில் அதைத் திருத்தத் திரை கிடையாது. 'யூசர் ரோல் எடிட்டர்', 'மெம்பர்ஸ்' போன்ற பிளகின்கள் அந்தத் திரையைத் தருகின்றன. நீங்கள் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் பட்டியலில் ஒரு வரி மாறும். வாசலில் நின்று சோதிக்கும் வேலையை எப்போதும்போல வேர்ட்பிரஸே செய்கிறது. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரோல்களையும் இவற்றால் கொடுக்கலாம். மெம்பர்ஸில் ஓர் அனுமதியை வெளிப்படையாக மறுக்கவும் முடியும். ஒரு ரோல் கொடுத்து இன்னொன்று மறுத்தால் மறுப்புதான் செல்லும்.

மெனுவை மறைப்பதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மெனுவிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தாலும், அனுமதி இருப்பவர் முகவரியை நேராகத் தட்டச்சு செய்து உள்ளே போய்விடலாம். அனுமதியையே எடுக்க வேண்டும். எல்லா டிக்கும் ஒரே எடை கொண்டதும் அல்ல. பயனர்களின் ரோலை மாற்றும் அனுமதி, பிளகின் நிறுவும் அனுமதி இரண்டும் கிட்டத்தட்ட நிர்வாகி பதவிக்குச் சமம். முதலாவது கையில் இருந்தால் வேறொரு கணக்கை நிர்வாகியாகவே உயர்த்திவிடலாம்.

அப்புறம், பிளகின் எழுதி வைத்த அனுமதிகள் பிளகினை நிறுத்தினாலும் தரவுத்தளத்திலேயே தங்கிவிடும். 2018-இல், தளத்தில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகினில் இது பெரிய ஓட்டையாக வெளிவந்தது. அதன் 'ஷாப் மேனேஜர்' ரோலுக்குப் பயனர்களைத் திருத்தும் அனுமதி உண்டு. நிர்வாகியை மட்டும் தொடக்கூடாது என்ற தடையோ வூகாமர்ஸின் நிரலுக்குள் இருந்தது. கோப்பை அழிக்கவிடும் இன்னொரு பிழையைப் பிடித்து, ஷாப் மேனேஜராக நுழைந்த ஒருவர் வூகாமர்ஸின் முக்கியக் கோப்பையே அழித்தால், பிளகின் செயலிழக்கும், தடையும் காணாமல் போகும். அனுமதி மட்டும் அப்படியே நிற்கும். நிர்வாகியின் கடவுச்சொல்லை மாற்ற அது போதும். வூகாமர்ஸ் 3.4.6 பதிப்பில் கோப்பை அழிக்கவிடும் அந்தப் பிழையைச் சரிசெய்தார்கள். நீங்களும் ஒரு பிளகினை நீக்குவதற்கு முன், அது உருவாக்கிய ரோல்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களை வேறு ரோலுக்கு மாற்றிவிடுங்கள்.