24 மரபணுக்களில் எந்த நான்கு?

"என் மகளுக்கு இது ஏழாம் மாதம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால், குழந்தைக்குப் பின்னாளில் எந்த நோய் வந்தாலும் ஸ்டெம் செல் கொண்டு குணமாக்கிவிடலாம் என்கிறார்கள். பணம் கட்டலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா. அந்த ரத்தத்தில் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகை செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள், இருப்பது உண்மைதான். ஆனால் அவை ரத்த செல்களை மட்டும் உண்டாக்குபவை. மூளையையோ இதயத்தையோ புதிதாகக் கட்டித் தரமாட்டா. குழந்தைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் வந்தால், அதே மரபணுப் பிழை சேமித்த ரத்தத்திலும் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு ரத்த நோய் இருந்தால் மட்டும் விஷயம் வேறு, மருத்துவரிடம் கேளுங்கள். மற்றபடி, சொந்த உபயோகத்துக்கென்று தனியார் வங்கியில் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நிலைப்பாடும்.

எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல் என்று நாம் படித்தது கருவின் ஸ்டெம் செல். 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து அதைப் பிரித்து வளர்த்தார். கருத்தரிப்பு சிகிச்சையில் மிஞ்சிய, சில நாள் வயதான கருக்கள் அவை. செல்லை எடுத்தால் கரு அழியும். 2001-ல் அமெரிக்க அதிபர் புஷ், புதிதாக அப்படி எடுக்கும் செல்களுக்கு அரசு நிதி கிடையாது என்றார். அன்று எழுந்த தயக்கத்தை மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஓர் உயிரின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்று மனிதர்கள் கவலைப்படுவது நல்லதே.

அந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்றுவழி ஜப்பானின் கியோத்தோவில் பிறந்தது. எனக்கு அலுக்கவே அலுக்காத பரிசோதனை அது.

தோல் செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. தோலுக்குத் தேவையில்லாதவை அடங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். 1962-லேயே பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் கர்டன், தவளையின் தலைப்பிரட்டையிலிருந்து எடுத்த குடல் செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து, புதிய தலைப்பிரட்டை வளர்த்துக் காட்டியிருந்தார். அப்படியென்றால் அடங்கியதை எழுப்பும் ஏதோ ஒன்று முட்டைக்குள் இருக்கிறது. எது?

கியோத்தோ விஞ்ஞானிகள் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகஹாஷியும் கரு செல்லில் முக்கியமெனத் தோன்றிய 24 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றாக எலியின் தோல் செல்லுக்குள் அனுப்பினார்கள்; ஒன்றும் நடக்கவில்லை. கூட்டணிகளைச் சோதிக்கலாம் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் வருகிறது! எனவே 24-ஐயும் ஒரே சமயத்தில் வைரஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மாறிய செல்லைக் கண்டுபிடிக்க ஓர் அருமையான ஏற்பாடு: கரு செல்லில் மட்டும் விழித்திருக்கும் ஒரு மரபணுவின் இடத்தில், மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பொருத்திய எலிகளின் செல்களையே எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த மருந்தை ஊற்றினார்கள். தோலாகவே இருந்தவை செத்தன. கரு செல்லைப்போல் மாறத் தொடங்கியவை மட்டும் பிழைத்துச் சிறு கூட்டங்களாகப் பெருகின.

அடுத்தது கழித்தல். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதி 23. எதை விட்டால் கூட்டம் உருவாகவில்லையோ அது தேவையானது. இப்படி 24 பத்தானது. பத்தையும் அதே வழியில் கழிக்க, நான்கு நின்றன: ஆக்ட்3/4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். 2006-ல் எலி, 2007-ல் மனிதத் தோல், 2012-ல் கர்டனுக்கும் யமனாகாவுக்கும் சேர்த்து நோபல். கருவைத் தொடாமலேயே கருவின் ஆற்றல் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் நான்கில் சி-மிக் புற்றுநோயோடு தொடர்புடையது. இச்செல்களிலிருந்து பிறந்த எலிகள் சிலவற்றுக்குக் கட்டி வந்தது. 2014-ல் ஜப்பானின் கோபேயில் மசாயோ தகஹாஷி என்ற கண் மருத்துவர், பார்வை மங்கிய ஒரு மூதாட்டியின் தோல் செல்களை விழித்திரைச் செல்களாக்கி அவருக்கே பொருத்தினார். அடுத்த நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் சிகிச்சையை நிறுத்தினார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். அந்த மூதாட்டிக்குச் செய்ததைவிட அவர்கள் செய்யாமல் விட்டதை நான் அதிகம் மதிக்கிறேன்.

இங்கே ஆட்டிசம், பெருமூளை வாதம் என்று எதற்கும் ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறைகளின்படி, ரத்த நோய்கள் சிலவற்றுக்கான ஸ்டெம் செல் மாற்றுதான் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவையெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேருபவரிடம் பணம் வாங்கக் கூடாது. யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைக்காக நகையை விற்கும் பெற்றோரின் நம்பிக்கையை முதலாக்கி நடக்கும் வியாபாரம் அது.

ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு வேலூரே சாட்சி. சிஎம்சியில், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியோடு, கடுமையான ஹீமோஃபீலியா-ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ள ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவை அவற்றில் சேர்த்து, அவரவர்க்கே திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது: கண்காணித்த காலம்வரை ஐவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. ஐந்து பேர் போதாது. இன்னும் பலரிடம், இன்னும் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். அதற்கு அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும்.