கேச்சை அழித்தால் கேம் கன்சோல் ஏன் வேகமாகிறது?

கன்சோல் மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் "கேச்சை கிளியர் பண்ணிப் பாரு" என்பதுதான். பல நேரங்களில் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் அடிக்கடி வேண்டிய தகவல்களை நகலெடுத்து வைக்கும் தற்காலிக இடமான கேச் என்பதே வேகத்துக்காக வைக்கப்பட்ட ஒன்று, அதை அழித்தால் மெதுவாகத்தானே ஆக வேண்டும்? "குப்பை சேர்ந்துவிட்டது, கூட்டித் தள்ளினால் சரியாகிவிடும்" என்ற வழக்கமான விளக்கம் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. விவரம் தேடிப் படித்த பிறகு, அது பாதிக்கு மேல் தவறு என்றும் புரிந்தது.

கேச் எதற்கு என்பதைப் பார்க்க 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸுக்குப் போகலாம். அதில் 8 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது, கேம்கள் டிவிடியில் வந்தன. டிவிடியில் ஓரிடத்தைப் படித்துவிட்டு லென்ஸ் இன்னோர் இடத்துக்கு நகர எடுக்கும் நேரம் ஹார்ட் டிஸ்க்கைவிட மிக அதிகம். அதனால் ஹார்ட் டிஸ்க்கில் தலா 750 எம்பி அளவில் மூன்று பகுதிகளை தற்காலிகக் கோப்புகளுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். கேம் தனக்கு அடிக்கடி வேண்டியதை டிவிடியிலிருந்து அங்கே நகலெடுத்து வைத்துக்கொள்ளும், புதிய கேமுக்கு இடம் வேண்டுமென்றால் பழையதைத் துடைத்துவிட்டு எழுதிக்கொள்ளும். யாரும் கையால் எதையும் அழிக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேச்சில் இருப்பது நகல் மட்டுமே, மூலம் எப்போதும் வேறெங்கோ பத்திரமாக இருக்கும். தொலைந்தாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால்தான் அதற்கு 'தற்காலிக' என்ற பெயர். கேச்சை அழித்தால் சேவ் (விளையாட்டில் எட்டிய நிலையைச் சேமித்த கோப்பு) போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்: சேவுக்கு மூலம் வேறெங்கும் இல்லை, அதுவே மூலம், அதனால் அதை கேச்சில் வைக்க மாட்டார்கள்.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? நகலும் மூலமும் ஒத்துப்போகாதபோது. ஒரு அப்டேட் வந்து மூலக் கோப்பு மாறிவிட்டது, கேச்சில் பழைய நகல் அப்படியே கிடக்கிறது. அல்லது நகலை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது, பாதிக் கோப்புதான் இருக்கிறது. மென்பொருள் அதைத் திறக்கப் பார்க்கிறது, முடியவில்லை, மறுபடி முயல்கிறது, கொஞ்ச நேரம் காத்திருக்கிறது, கடைசியில் அதை விட்டுவிட்டு மூலத்தைத் தேடிப் போகிறது. திரையில் நமக்குத் தெரிவது மெனு உறைந்து நிற்பது மட்டும்தான். கேச்சை அழிக்கும்போது கோப்புகளின் எண்ணிக்கை குறைவதால் வேகம் வருவதில்லை, இந்த வீண் முயற்சிகள் நின்றுபோவதால்தான் வருகிறது. ஒரே ஒரு கெட்ட கோப்பு போதும், ஆயிரக்கணக்கான நல்ல கோப்புகள் இருந்தும் பயனில்லாமல் போய்விடும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, பலர் அதை கேச் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதுதான் கன்சோலின் டேட்டாபேஸ். டிஸ்க்கில் என்னென்ன கேம்கள் இருக்கின்றன, எந்தப் படம் எதனுடையது, எந்த அப்டேட் எதற்கு என்றெல்லாம் குறித்து வைத்திருக்கும் அட்டவணை அது. நூலகத்தில் புத்தகங்களைப் பல முறை இடம் மாற்றிவிட்டு அட்டவணையைச் சரியாகத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? புத்தகம் ஒன்றும் காணாமல் போகவில்லை, ஆனால் தேடுவதற்கே நேரம் போய்விடும். கேம்களை ஏற்றி இறக்கி, நூற்றுக்கணக்கில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அப்டேட் மேல் அப்டேட் போட்டுக்கொண்டே இருந்தால் கன்சோலிலும் அதுதான் நடக்கிறது. டேட்டாபேஸை மறுபடி கட்டுவது என்றால் டிஸ்க் முழுவதையும் ஒரு முறை படித்து, என்ன இருக்கிறதோ அதை வைத்து அட்டவணையைப் புதிதாக எழுதுவது. என் பழைய கன்சோலில் முகப்புத் திரையில் ஒவ்வொரு படமும் வருவதற்கே சில வினாடிகள் ஆகிக்கொண்டிருந்தது, இதைச் செய்த அன்றே அது சரியானது. கேச்சை மட்டும் அழித்தபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை.

அப்புறம் இடப் பற்றாக்குறை. இது உங்கள் கன்சோலில் எந்த வகை சேமிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் இருந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதன் உள்ளே சுழலும் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லிவினாடி. தேவையான தகவல் தட்டில் இப்போதுதான் தாண்டிப் போயிருந்தால், அது மறுபடி சுற்றி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை, படிக்கும் முனையை நகர்த்தும் நேரம் இதற்கு மேல் தனி. வினாடிக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் கேமில் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரமே சுமார் 16.7 மில்லிவினாடிதான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கேம்கள் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வதால்தான் சமாளிக்க முடிகிறது. டிஸ்க் நிறைந்துபோய், ஒரே கோப்பு துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடந்தால் அந்த முன்னேற்பாடும் பிந்திவிடும். வேகமாக ஓடும்போது எதிரே வரும் கட்டடம் மங்கலாகத் தெரிந்து பிறகு துலங்குகிறதே, அதற்கு ஒரு காரணம் இதுதான்.

எஸ்எஸ்டி, அதாவது தகவலைச் சிப்களில் சேமிக்கும் டிரைவ், உள்ள புதிய கன்சோல்களில் கதை வேறு. அதில் சுற்றும் தட்டு இல்லை, துண்டு துண்டாக இருப்பதால் பெரிய இழப்பும் இல்லை. ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு: சிறு சிறு பக்கங்களாக எழுதலாம், அழிப்பது மட்டும் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியாகத்தான் முடியும். காலியான தொகுதிகள் குறைந்துவிட்டால், ஒரு தொகுதியில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றி, பிறகு அழித்து, அதற்கப்புறம்தான் புதிதாக எழுத முடியும். இதனால் மெதுவாவது எழுதும் வேலை. கேம் ஓடும்போது நடப்பதோ பெரும்பாலும் படிக்கும் வேலை. ஆகவே எஸ்எஸ்டி நிறைந்திருந்தால் கேமை இறக்கும்போதும் அப்டேட் போடும்போதும்தான் அதிகமாக உறைக்கும், விளையாடும்போது அவ்வளவாகத் தெரியாது.

இன்னொரு தற்காலிக இடம் ரேம், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் தகவல் இருக்கும் நினைவகம். கன்சோலை நாம் பெரும்பாலும் அணைப்பதே இல்லை, ரெஸ்ட் மோடில், அதாவது அரைத்தூக்கத்தில், போட்டுவிட்டுப் போகிறோம். ரேமில் இருப்பது அப்படியே இருக்கும், சில நிரல்கள் எடுத்த இடத்தைத் திருப்பித் தராமல் பிடித்துவைத்துக்கொண்டே போகும், வாரக்கணக்கில் இப்படியே ஓடினால் தள்ளாட்டம் தெரியும். இதற்குக் கோப்பு எதையும் அழிக்க வேண்டாம், முழுதாக அணைத்து மறுபடி போட்டால் போதும். ரேமின் ஒவ்வொரு அறையும் ஒரு குட்டி மின்தேக்கி, சுமார் 64 மில்லிவினாடிக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்காவிட்டால் அதில் உள்ளது அழிந்துவிடலாம் என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். மின்சாரம் நின்றால் தானாகவே எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். நான் முதலில் செய்வது எப்போதும் இதைத்தான்.

செய்முறை சுருக்கமாக. எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் கன்சோல்களில் முன்பக்கப் பவர் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடித்து அணைத்து, பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டுங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் முதலில் முழுதாக அணைத்துவிட்டு (ரெஸ்ட் மோடில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள்), பவர் பட்டனை அழுத்தி இரண்டாவது பீப் கேட்கும்வரை, சுமார் 7 வினாடி, பிடித்தால் சேஃப் மோட், அதாவது பழுதுபார்க்கும் மெனு, வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் இணைக்க வேண்டும். 5ஆவது தேர்வுதான் நமக்கு வேண்டியது: பிளேஸ்டேஷன் 4இல் அது டேட்டாபேஸை மறுபடி கட்டும், 5இல் அதோடு சிஸ்டம் கேச்சை அழிக்கும் வசதியும் உள்ளே இருக்கும். தயவுசெய்து பொறுமையாகப் படித்து அழுத்துங்கள், அதற்கு அடுத்த வரியிலேயே இருக்கும் 6ஆவது தேர்வு கன்சோலில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். டிஸ்க்கின் அளவைப் பொறுத்து வேலை சில நிமிடங்களில் முடியலாம், மணிக்கணக்கிலும் ஆகலாம், நடுவில் அணைக்கக் கூடாது. நின்டெண்டோ ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸில் கடைசியில் ஃபார்மேட்டிங் ஆப்ஷன்ஸ், அதற்குள் ரீசெட் கேச். அது சேமித்த கடவுச்சொற்கள், குக்கீகள் போன்றவற்றைத்தான் நீக்கும், அதனால் கேம் வேகமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அழித்த பிறகு முதல் முறை கேம் திறக்கும்போது கொஞ்சம் மெதுவாக இருந்தால் பயப்பட வேண்டாம், போன நகல்களை அது மறுபடி உருவாக்கிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு முறை கடமையாகச் செய்தால் இந்த முதல் முறைத் தாமதத்தைத்தான் வாரம் ஒரு முறை வாங்கிக்கொள்வீர்கள்.

ஆன்லைனில் ஆடும்போது மட்டும் தடுமாறுகிறது என்றால் இணைப்பைப் பாருங்கள். விசிறி இரைந்துகொண்டே இருந்தால் காற்றோட்டத் துளைகளில் தூசி அடைந்திருக்கலாம், அதற்கும் கேச்சுக்கும் சம்பந்தமில்லை. டேட்டாபேஸைக் கட்டி முடித்த சில நாட்களிலேயே பழையபடி ஆகிறது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வேறு வருகிறது என்றால், மறுபடி சேஃப் மோடுக்குப் போகாமல் முதலில் சேவ்களை யுஎஸ்பி டிரைவிலோ கிளவுடிலோ நகலெடுத்து வையுங்கள், டிஸ்க் மாற்றுவதைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.