தடாலென்று இறங்கும் விமானம்

விமானம் தடாலென்று ஓடுபாதையில் உட்கார்ந்தால் பயணிகள் விமானியைத் திட்டுவார்கள். பாவம், பல நேரம் அவர் தெரிந்தேதான் அப்படி இறக்கியிருப்பார். ஈரமான ஓடுபாதையில் பூப்போல இறக்கினால் டயர் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். கொஞ்சம் அழுத்தி இறக்கினால்தான் தரையைப் பிடிக்கும். அதை யாரும் ஹார்டு லேண்டிங், அதாவது விமானத்துக்குச் சேதம் வரக்கூடிய அளவு பலமான இறக்கம், என்று சொல்வதில்லை.

கணக்கில் வருவது கீழ்நோக்கி இறங்கும் வேகம். சாதாரணமாகத் தரை தொடும்போது அது வினாடிக்கு இரண்டு, மூன்று அடிதான். அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச இறங்கு எடையில் வினாடிக்கு 10 அடி வரை விமானம் தாங்கியாக வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. புறப்படும்போதுள்ள முழு எடையோடு இறங்கினால் 6 அடிதான். அதோடு, மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 3 அடி வேகம் 9 அடியானால் மோதலின் ஆற்றல் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு.

இந்த மோதலை வாங்கிக்கொள்ளத்தான் சக்கரத்துக்கு மேலே பளபளவென்று ஒரு தண்டு இருக்கிறது. குழாய்க்குள் குழாய்; உள்ளே எண்ணெயும் அழுத்தி அடைத்த நைட்ரஜனும். சக்கரம் தரையில் பட்டதும் உள்குழாய் மேலேறி எண்ணெயைச் சிறு துளை வழியே பிதுக்குகிறது. மோதலின் ஆற்றலில் பெரும்பகுதி அங்கேயே வெப்பமாகிப் போகும். நைட்ரஜன் மட்டும் இருந்தால் சுருள்வில் மாதிரி விமானத்தைத் திருப்பி மேலே எறிந்துவிடும். ஆனால் தண்டு முழுக்க உள்ளே போய் முட்டிவிட்டால், மிச்ச அடி முழுவதும் இறக்கைக்கும் உடலுக்கும் போகும்.

அப்போது நடுப்பகுதி சக்கரங்கள் மேல் நின்றுவிட, மூக்கும் வாலும் இன்னும் கீழே போகப் பார்க்கும். 1980 மே 2 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைக்காக இறக்கிய டிசி-9-80 பயணிகள் விமானத்துக்கு வால் பகுதியே முறிந்து விழுந்தது.

என்னைக் கேட்டால் முதல் அடியைவிடத் துள்ளல்தான் ஆபத்து. துள்ளிய விமானத்தை உடனே தரையில் பதிக்க நினைத்து விமானி மூக்கைத் தாழ்த்தினால், அடுத்த மோதலை வாங்குவது மெலிந்த மூக்குச் சக்கரம்; முன்பகுதியின் கூரைத் தகடு மடிந்து சுருங்கக்கூடும். 2019 மே 5 அன்று மாஸ்கோவில் மின்னல் தாக்கித் திரும்பிய சுகோய் சூப்பர்ஜெட் பயணிகள் விமானம், இறங்குவதற்கான எடை வரம்பைத் தாண்டிய பாரத்தோடு தரை தொட்டது. திரும்பத் திரும்பத் துள்ளியதில் சக்கரத் தூண்கள் முறிந்து, எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. 78 பேரில் 41 பேர் இறந்தார்கள். பெரிதாகத் துள்ளினால் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வா என்று விமானிகளுக்குச் சொல்லித்தருவது இதனால்தான்.

சரி, எல்லாரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். அதற்காக விமானம் அடுத்த பயணத்துக்குத் தயார் என்று அர்த்தமில்லை. இறக்கம் பலமாக இருந்தது என்று விமானி பதிவேட்டில் எழுதினாலே போதும், சோதனை தொடங்கிவிடும். பதிவுக் கருவியிலிருந்து மோதலின் அளவை எடுப்பார்கள். அப்புறம் டார்ச்சோடு ஒருவர் அடியில் குனிந்து, தண்டிலிருந்து எண்ணெய் கசிகிறதா, தகட்டில் சுருக்கம் உண்டா, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஏதாவது கண்ணில் பட்டால் உள்பலகைகளைக் கழற்றி, சக்கரத் தூண் இறக்கையோடு சேரும் இடம்வரை தேட வேண்டியதுதான்.