டயமண்ட் அன்வில்னா வைரப் பட்டடையாக்கும்

மருமவன் காலேஜ்ல பிசிக்ஸ் படிக்கான், செமினாருக்கு ஹை பிரஷர் லேசர் ஹீட்டிங் எடுத்திருக்கான், "மாமா, டயமண்ட் அன்வில் செல்லுக்கு தமிழ்ல என்ன"ன்னு போன் பண்ணி கேட்டான், ரெண்டு வைரத்துக்கு நடுவுல பொருள வச்சு நெருக்குத கருவி அது. யாரோ "வைர அமுக்கி"ன்னு சொல்லி குடுத்திருக்காவ, எனக்கு சிரிப்பு வந்துட்டு.

அன்வில்லுக்கு, அதாவது கொல்லன் இரும்ப மேல வச்சு அடிக்குத கட்டைக்கு, தமிழ்ல பட்டடைன்னு அருமையான சொல்லு கெடக்கு. அடைகல்லுன்னும் உண்டு, மலையாளத்துல அடகல்லு. இங்கிலீஷ் சொல்லுக்கும் பழைய பொருளு மேல வச்சு அடிக்கிறதுன்னுதான். கன்னியாகுமரி கடல்ல 133 அடியில நிக்காரே அவரும் 821வது குறள்ல, "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை"ன்னு கூடா நட்பைச் சொல்லுகாரு, தாங்குத மாதிரி இருக்கும், நேரம் பாத்து வெட்டுறதுக்குத்தான் அந்த தாங்கல்.

1950கள் கடைசியில அமெரிக்காவுல வந்த இந்த கருவியில ஒரு வேடிக்கை, சுத்தியலே கெடையாது, ரெண்டும் பட்டடை. மொட்டையா சீவின ரெண்டு வைர நுனிக்கு நடுவுல கண்ணுக்கே சரியா தெரியாத பொடி சாம்பிள், ஸ்குரூவ முறுக்க முறுக்க நெருக்கி, பூமிக்குள்ள பாறை முடிஞ்சு இரும்புக் கரு தொடங்குத இடத்துல உள்ள அழுத்தம், அதாவது காத்தழுத்தத்த விட சுமார் 13 லட்சம் மடங்கு, அதையும் தாண்டி போயிரலாம். வைரம் கண்ணாடி மாதிரி ஒளிய உள்ள விடும், அதனால லேசர் அதுக்குள்ள கூடி போயி சாம்பிளை மட்டும் சுடும். ஆனா வைரம் சூட்டை உறிஞ்சி இழுத்துரும், அத தடுக்க வைரத்துக்கும் சாம்பிளுக்கும் இடையில உப்பு வைப்பாவ, சோத்துக்கு போடுத அதே உப்புதான்.

சூட்டை எப்பிடி அளக்கது? குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுற கத்தி அடிக்கிற ஆசாரிய பாத்திருக்கேன், அவரு என்ன தெர்மாமீட்டரா வச்சிருந்தாரு? இரும்பு செவப்பா மஞ்சளான்னு நெறத்த பாத்துதான் உலையில இருந்து எடுப்பாரு, துருத்திய கூட்டவும் கொறைக்கவும் கண்ணாலயே சொல்லுவாரு. லேபுலயும் அதேதான், சாம்பிள் விடுத வெளிச்சத்த ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பிரிச்சு எந்த நெறம் எவ்வளவுன்னு பாத்து கணக்கு போடுவாவ. சிக்கல் என்னன்னா சாம்பிள் உருகிச்சுன்னா லேசர உறிஞ்சுத அளவு சட்டுனு மாறிரும், சூடு பொசுக்குனு ஏறிரும், கை நாப்-பை திருப்புததுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், சிலநேரம் வைரமே போச்சு. அதனால வெளிச்சத்த பாக்குததும் லேசர் பவரை கூட்டி கொறைக்கிறதும் கம்ப்யூட்டர் கிட்ட விட்டுட்டாவ, ஆசாரி கண்ணும் துருத்தியும் ஒரே பெட்டிக்குள்ள வந்த மாதிரி. இந்த ஆட்டோமேஷனுக்கு தானியக்கம்னு சொன்னா போதும், தானியங்கின்னா மெஷின், தானியக்கம்னா அந்த வேலை, ரெண்டையும் கொழப்பப்படாது.

லேசருக்கு சீரொளின்னு எழுதுகாவ, எனக்கு அதுல மனசு ஒட்டல, லேசர்னே விட்டுட்டேன். செல்லுக்கு கலம்னு போட்டேன். "வைரப் பட்டடைக் கலத்தில் தானியக்க லேசர் சூடேற்றம்"னு தலைப்பு எழுதி அனுப்பினேன். "கொஞ்சம் நீளமா இருக்கே மாமா"ங்கான். இங்கிலீஷ்லயும் அவ்வளவு நீளந்தானல.