ஓட்டைப் பிரித்து ஷீட் போட்ட கூரைகள்: நீலகிரிக் காற்றும் நம் பள்ளி, ஆஸ்பத்திரிக் கட்டடங்களும்

நீலகிரியில் பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரிக் கட்டடங்களைப் பார்த்துப் பழுதுவேலைக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பது என் தொழில். காற்றில் கூரை போய்விட்டது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், போனது அந்த வளாகத்தின் மிகப் பழைய கட்டடமாக இருப்பது அபூர்வம். சில வருஷம் முன்பு ஓட்டைப் பிரித்துவிட்டுக் கலர் ஷீட் போட்ட கட்டடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பக்கத்திலேயே பாட்டன் காலத்து ஓட்டுக் கட்டடம் பத்துப் பதினைந்து ஓடு நழுவியதோடு நிற்கும். "அந்தக் காலத்து வேலை சார், இப்ப யாரு அப்படிச் செய்யறா" என்று பக்கத்தில் நிற்பவர் பெருமூச்சு விடுவார். வேலையின் தரமும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் எடை.

ஒரு சதுர மீட்டர் கூரைக்கு மங்களூர் ஓடு சுமார் 15 பிடிக்கும். எடை ஏறக்குறைய 40 கிலோ. மழையில் ஊறினால் இன்னும் கூடும். அதே இடத்தில் அரை மில்லிமீட்டர் ஷீட் போட்டால் 5 கிலோ. ஓட்டுக் கூரையில் இன்னொரு வசதியும் உண்டு. ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருப்பதால் காற்று கசியும். மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம் ஓரளவு தானாகவே தணியும். ஷீட் அப்படி விடாது, காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கிற முழு இழுப்பையும் வாங்கிக்கொள்ளும். குரங்குத் தொல்லைக்கும் ஒழுகலுக்கும் பயந்து ஓட்டைக் கழற்றுவது சரிதான், நானே பல இடங்களில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவ்வளவு நாளும் கூரையைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஓட்டின் கனம் என்பதை எஸ்டிமேட் போடுகிறவர் மறந்துவிடுகிறார். கனத்தை எடுத்துவிட்டால், கட்டிப் போட்டாக வேண்டும்.

எவ்வளவு இழுப்பு வரும் என்று பார்ப்போம். காற்றுப் பளுவுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. கடைசியாகத் திருத்தியது 2015இல். அதில் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50. இதைப் பார்த்துவிட்டு "நமக்கென்ன, கடற்கரையா?" என்று கேட்கிற பொறியாளர்களும் இருக்கிறார்கள். அதே விதியில் மலைச்சரிவுக்கும் முகட்டுக்கும் தனியாக ஒரு பெருக்கல் எண் இருக்கிறது: 1 முதல் 1.36 வரை. சரிவு 3 டிகிரிக்கு மேல் போனாலே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊரில் 3 டிகிரிக்குக் கீழே ஒரு விளையாட்டு மைதானம் கிடைத்தால் பெரிய விஷயம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பதால், 1.36 என்பது அழுத்தத்தில் 1.85 மடங்கு. ஊட்டி உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு லேசு என்பது உண்மைதான். அதைக் கழித்தாலும் சமவெளியைவிட ஒன்றரை மடங்கு நிற்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கு விதி இன்னும் கறார்: சாதாரணக் கட்டடத்துக்கு 50 வருஷத்தில் ஒருமுறை வரக்கூடிய காற்று என்றால், அவற்றுக்கு 100 வருஷத்தில் ஒருமுறை வரக்கூடிய காற்றை வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது.

மேட்டில் இருக்கிற 6 மீட்டருக்கு 8 மீட்டர் வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சக்கட்டக் காற்றில் சதுர மீட்டருக்கு 100 கிலோ மேல்நோக்கிய இழுப்பு என்று வைத்தால், மொத்தம் ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஷீட்டும் மரமும் சேர்ந்து ஒரு டன் தேறும். மிச்சம் நான்கு டன்னை யார் பிடிப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற எஸ்டிமேட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

பந்தலூர் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர், "போன வருஷம்தானே சார் போட்டோம், எதுக்கு ஏறிப் பார்க்கணும்?" என்று கேட்டார். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தள்ளிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். ஷீட் புதிது, ஸ்க்ரூ புதிது, பர்லினுக்கு, அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு, போட்ட சதுரக் குழாயும் புதிது. அந்தக் குழாய்கள் உட்கார்ந்திருந்த கைமரங்கள், அதாவது முகட்டிலிருந்து சுவருக்குச் சாய்வாக இறங்கும் மரங்கள், பழையவை. ஒவ்வொரு கைமரமும் சுவர் மேல் கிடந்த நீள்கட்டையில் ஒரே ஒரு ஆணியில் நின்றது. ஆணித் தலையைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருந்தது. கட்டை சுவரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. ஆக்சா பிளேடு ஒன்றை வாங்கி, கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் விட்டேன். எங்கேயும் முட்டாமல் அந்தப் பக்கம் வந்துவிட்டது. போல்ட் இல்லை, இரும்புப் பட்டை இல்லை. கட்டை சுவர் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

"இத்தனை வருஷமா இப்படித்தானே சார் இருந்துச்சு?"

"இத்தனை வருஷமா மேல ஓடு இருந்துச்சு சார்."

கூரைப் பழுது என்றால் கண்ணுக்குத் தெரிகிற ஷீட்டோடு நிறுத்திவிடுகிறோம். ஷீட் பர்லினைப் பிடிக்க வேண்டும், பர்லின் கைமரத்தை, கைமரம் சுவர்க்கட்டையை, கட்டை சுவரை. இதில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றதற்குச் செலவழித்த பணம் வீண். சொல்லப்போனால் நிலைமை மோசமாகும்: ஷீட்டை மட்டும் நெருக்கமாக ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால், தனித்தனி ஷீட்டாகப் போக வேண்டியது பர்லின், கைமரம் எல்லாம் சேர்த்து ஒரே துண்டாகப் போகும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவிழ்ந்து கிடக்கும் முழுக் கூரையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சுவரில் கட்டுவதுதான் பழைய கட்டடங்களில் சிக்கலான வேலை. மலையில் பழைய சுவர்கள் பெரும்பாலும் கல், சாந்து மண்ணோ சுண்ணாம்போ. அதன் தலையில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்கினால் மேல்வரிசைக் கல்லோடு சேர்ந்து பெயர்ந்து வரும். துளையில் பசை விட்டு போல்ட்டை ஒட்டுகிற கெமிக்கல் ஆங்கர் விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி, பிடித்துக்கொள்ள அங்கே கெட்டியான பொருள் இல்லை. சரியான வழி இரண்டு. கூரையை முழுக்கக் கழற்றுகிற சமயம் என்றால், சுவர்த் தலையில் கம்பி வைத்துக் கான்கிரீட் பெல்ட் சுற்றிப் போட்டு, அதிலேயே போல்ட்டைப் பதித்துவிடலாம். அந்தப் பெல்ட்டையும் இடையிடையே கீழ்ச் சுவரோடு கம்பி இறக்கிக் கட்ட வேண்டும். கூரையைக் கழற்ற முடியாது என்றால், துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைக் கைமரத்தில் சுற்றி, சுவரின் உள்முகத்தோடு மூன்றடி கீழே இறக்கி, சுவரை முழுக்கத் துளைத்து, வெளிப்பக்கம் கனமான பிளேட் வைத்து போல்ட் போட வேண்டும். 18 அங்குலக் கல்சுவரில் மூன்றடி ஆழம் என்றால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் கல்லைக் கூரையோடு கட்டிவிட்டோம் என்று அர்த்தம். மேலே சொன்ன வகுப்பறைக்கு ஒரு மீட்டர் சுவரில் வருகிற இழுப்பு 300 கிலோதான். கூரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதிக்கும் சேர்த்து 400 என்று வையுங்கள். தாராளமாகத் தாங்கும். உள்ளே பட்டை தெரிந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு தாளாளர் சொன்னார். பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.

கைமரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருந்தால் அங்கே கட்டாயம் குத்திப் பாருங்கள். பனியும் மூடுமஞ்சும் நம் ஊரில் மரத்தைக் காயவே விடுவதில்லை. பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை இறங்கும். உளுத்த மரத்தில் பட்டை கட்டி என்ன பிரயோஜனம்?

இனி ஷீட். கூரையின் நடுப்பகுதியைவிட மூலைகளிலும் இறவாணத்திலும் முகட்டை ஒட்டியும் இழுப்பு இரண்டு மடங்கு வரை போகும். அதனால் இந்த ஓரங்களில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும். நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். ஆட்கள் செய்வது எல்லா இடத்திலும் ஒரே அளவு, அதுவும் கைக்கு எட்டாத மூலையில் குறைவு. டிரில் மெஷினை விட்டு ஒரே அழுத்தாக அழுத்துவதால் ரப்பர் வாஷர் பிதுங்கி வெளியே வந்துவிடும். அந்த ஸ்க்ரூவில் தண்ணீர் இறங்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் துரு பிடித்து, தலை தனியாகக் கழன்றுவிடும். விரலால் சுற்றிப் பாருங்கள், சுற்றினால் மாற்ற வேண்டும். சுவர் மெலிந்த குழாயைப் பர்லினாகப் போடுவதும் எனக்குப் பிடிக்காது. ஸ்க்ரூ மரைக்கு அதில் பிடிப்பு குறைவு, உள்ளே பிடிக்கிற துருவும் கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிற இடத்தில் ஆட்களை மேலே நடக்கவே விடாதீர்கள். பாசி பிடித்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் உடைந்து உள்ளே விழுந்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

வராண்டாச் சார்ப்பு தனிக் கதை. வகுப்பறைக்கு முன்னால் பிள்ளைகள் நனையாமல் இருக்க நீட்டிப் போடுகிற சார்ப்புக்கு மூன்று பக்கம் திறப்பு, அடியில் காற்று புகுந்தால் முதலில் போவது அதுதான். பிரதான கூரையின் ஷீட்டையே நீட்டி விட்டிருந்தால் போகும்போது அதையும் கிழித்துக்கொண்டு போகும். சார்ப்பைத் தனிச் சட்டத்தில், தனித் தூணில், சுவரோடு தனியாகக் கட்டுங்கள். தூணின் அடியை வெறும் சிமெண்ட் பூச்சில் நிறுத்தாமல் குழி தோண்டிக் கான்கிரீட்டில் விடுங்கள். ஏதாவது ஒரு வேலைக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

கதவு, ஜன்னலைக் கூரைப் பிரச்சினையாக யாரும் பார்ப்பதில்லை. காற்றடிக்கிற பக்கம் ஒரு கண்ணாடி உடைந்தாலோ சாப்பாட்டு ஹாலின் பெரிய கதவு திறந்துகொண்டாலோ, உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே காற்று இழுக்கும். இரண்டும் சேரும்போதுதான் கூரை போகிறது. எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இங்கே இருக்கிறது. அதை நம்ப வேண்டாம், எல்லாவற்றையும் சாத்துங்கள். பெரிய கதவுகளுக்கு மேலும் கீழும் தடித்த தாழ்ப்பாள் போட ஒரு நாள் வேலை.

கூரை மேல் ஏற்றி வைத்த சாமான்களில் சோலார் தகடு ஷீட்டில் மட்டும் நிற்கிறதா, பர்லின் வரை போல்ட் போகிறதா என்று பாருங்கள். தண்ணீர் டேங்க் மழைக்காலத்தில் காலியாகக் கிடக்கக் கூடாது.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையில் காற்றைப் பற்றி எழுத முடியாது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்நாடு முழுக்கக் கடந்து போனபோது, கடலே கண்ணில் படாத கொடைக்கானலிலும் மரங்கள் சாய்ந்து பாதை அடைபட்டது. மண் ஊறிய பிறகு வருகிற காற்றுக்குச் சீகை (வாட்டில்) மரமும் சைப்ரஸும் வேரோடு சாயும். மைதானத்துக்காகவோ ரோட்டுக்காகவோ மேட்டை வெட்டி ஒரு பக்க வேரை அறுத்துவிட்ட மரம் எந்த ஜாதியானாலும் முதல் சந்தேகம். அதற்காகக் கட்டடத்தைச் சுற்றி எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். முன்வரிசையை எடுத்தால், அதுவரை காற்றே படாமல் நெட்டையாக வளர்ந்த உள்வரிசை கற்பூர மரங்கள் திடீரென்று காற்றின் முன் நிற்கும். அடுத்த ஆடியில் அவைதான் விழும். கட்டடத்தின் மேல் சாயக்கூடிய மரத்தை அடையாளம் கண்டு, கிளை கழிப்பதா, வெட்டுவதா என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும். சொந்த நிலம் என்றாலும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மனு கொடுத்த மறுநாள் கையில் கிடைக்கிற காகிதம் அல்ல அது. ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

காலக்கணக்கு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன் வேலை முடிய வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஊர் ஜனங்களைத் தங்க வைப்பது பள்ளிக்கூடங்களில்தான். கோத்தகிரி, குன்னூர், அந்தப் பக்கம் கொடைக்கானல் என்றால் வடகிழக்குப் பருவத்துக்கு முன் செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது. நடப்பது என்னவோ, மார்ச்சில் பணம் ஒதுக்கி, மே கடைசியில் ஒர்க் ஆர்டர் கொடுத்து, மழைக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ஷீட் மாட்டுவது.

ஒர்க் ஆர்டரில் "கூரை மாற்றும் பணி, சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஷீட்டின் கனம், ஓரத்திலும் நடுவிலும் ஸ்க்ரூ இடைவெளி, கைமரத்துக்குப் பட்டை எத்தனை, சுவரில் எத்தனை அடி இறக்கம், பிளேட்டின் அளவு எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். சீலிங் மூடுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்துக் கொடுத்தால்தான் கடைசித் தவணை என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.