சால்வேஜ் டைட்டில் உள்ள ஹைபிரிட் காரை இணையத்தில் வாங்குவோர் அறிய வேண்டிய அமெரிக்க விதிகள்

அமெரிக்காவில் ஒரு கார் யாருக்குச் சொந்தம் என்பதை நிறுவும் ஆவணம் டைட்டில் ஆகும். அதை அந்தந்த மாநிலத்தின் மோட்டார் வாகனத் துறை, அதாவது டி.எம்.வி., வழங்குகிறது. விபத்திலோ வெள்ளத்திலோ திருட்டிலோ சேதமடைந்த காரைப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்தால், உரிமையாளருக்கு முழு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு காரைத் தானே எடுத்துக்கொள்ளும். அதன்பின் அந்த டைட்டிலில் ‘சால்வேஜ்’ என்ற முத்திரை விழும். இத்தகைய கார்கள் பெரும்பாலும் இணைய ஏலங்கள் வழியே கைமாறுகின்றன. விலை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு என்பதால், புதிதாகக் குடியேறியோரும் மாணவர்களும் டொயோட்டா ப்ரையஸ் போன்ற பழைய ஹைபிரிட் கார்களை, அதாவது பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியில் இயங்கும் மின்மோட்டாரும் சேர்ந்த கார்களை, இவ்வழியில் தேடுகிறார்கள்.

முதலில் தெளிவாக வேண்டியது, அந்த முத்திரை பணக் கணக்கின் முடிவே என்பது. காருக்கு என்ன நேர்ந்தது என்பதை அது சொல்வதில்லை. கணக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாஸில் பழுதுச் செலவு காரின் மதிப்பையே தாண்ட வேண்டும். புளோரிடாவில் மதிப்பின் 80 சதவீதமும் ஓக்லஹோமாவில் 60 சதவீதமும் எல்லைகள். ஆகவே ஒரே அளவு சேதமடைந்த இரு கார்களில் ஒன்று முத்திரை பெறலாம், மற்றொன்று பெறாமலும் போகலாம்.

ஹைபிரிட் கார்களில் அந்த முத்திரைக்குப் பின்னால் இருக்கும் காரணம் மிகவும் முக்கியம். பழைய ப்ரையஸ் கார்களின் அடியிலிருந்து, புகையைச் சுத்திகரிக்கும் பாகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்துத் திருடுவது அமெரிக்க நகரங்களில் நடப்பதுண்டு. உள்ளே இருக்கும் விலையுயர்ந்த உலோகங்களே அதற்குக் காரணம். புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தும் செலவு அந்தப் பழைய காரின் மதிப்பை நெருங்கிவிடுவதால், வேறு எந்தச் சேதமும் இல்லாத கார்கூட முழு இழப்பாக எழுதப்பட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட காரை வாங்குவது நியாயமான முடிவாக இருக்கலாம். ஆனால் கலிபோர்னியாவில் மாநிலக் காற்று வள வாரியம் ஒப்புதல் அளித்த கன்வெர்ட்டரை மட்டுமே பொருத்த முடியும் என்பதால், அதன் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய ஹைபிரிட் இதற்கு நேர் எதிரானது. உப்புநீர் புகுந்த உயர் மின்னழுத்த பேட்டரியிலும் மின் இணைப்புகளிலும் அரிப்பு மாதக்கணக்கில் மெல்லப் பரவும். அத்தகைய காரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சால்வேஜ் நிலையில் உள்ள காரைச் சாலையில் ஓட்ட முடியாது. பழுது பார்த்து, மாநிலச் சோதனைகளில் தேறிய பிறகு பல மாநிலங்களில் ‘ரீபில்ட்’ என்றும் கலிபோர்னியாவில் ‘சால்வேஜ்டு’ என்றும் குறிக்கப்பட்ட புதிய டைட்டில் கிடைக்கும். பழைய முத்திரையின் தடம் அதன்பின்னும் அழிவதில்லை. பழுது பார்க்கவே இயலாதது என்று சான்றளிக்கப்பட்ட காரை மட்டும் ஒருபோதும் பதிவு செய்ய முடியாது. அது உதிரிபாகங்களுக்கு மட்டுமே உதவும். ஏல அறிவிப்பில் இந்த வேறுபாடு சிறிய எழுத்தில் இருப்பதுண்டு. கலிபோர்னியாவில் மறுபதிவுக்கு டி.எம்.வி.யின் ரெக் 343 விண்ணப்பம், வாகன அடையாள எண் சரிபார்ப்பு, புகைச் சோதனைச் சான்று, பாதுகாப்புச் சோதனைச் சான்று ஆகியவை வேண்டும். பிரேக்கையும் விளக்குகளையும் மட்டும் பார்த்த பழைய சோதனைக்குப் பதிலாக 2024இல் விரிவான பாதுகாப்புச் சோதனை நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ஹைபிரிட் பேட்டரி இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை எந்த அரசுச் சான்றும் சொல்லாது.

ஒரு மாநிலத்தில் முத்திரை பெற்ற காரை வேறொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தமான டைட்டில் வாங்கும் மோசடியைத் தடுப்பதற்காகவே, 1992ஆம் ஆண்டுக் கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தேசிய வாகன டைட்டில் தகவல் அமைப்பு உருவாக்கப்பட்டது. கூட்டாட்சி அரசின் நீதித் துறையின் பொறுப்பில் உள்ள இதற்குக் காப்பீட்டு நிறுவனங்களும் சால்வேஜ் கார்களையும் உடைப்புக் கார்களையும் கையாளும் நிறுவனங்களும் 2009 முதல் தகவல் அளிக்கக் கடமைப்பட்டுள்ளன. எழுத்துகளும் இலக்கங்களுமாக 17 குறிகள் கொண்ட வாகன அடையாள எண்ணைக் கொடுத்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிடம் சில டாலர் செலவில் அறிக்கை பெறலாம். எந்த மாநிலத்தில் எப்போது என்ன முத்திரை விழுந்தது, முழு இழப்பாக அறிவிக்கப்பட்டதா என்பவை அதில் இருக்கும். பழுதுபார்ப்பு விவரங்கள் இருக்காது. தேசியக் காப்பீட்டுக் குற்றப் பணியகத்தின் தளத்தில் திருட்டு, சால்வேஜ் பதிவுகளை இலவசமாகவும் பார்க்கலாம்.

கலிபோர்னியாவில் 2012 ஜூலை முதல், பழைய கார் விற்கும் டீலர் இந்தத் தேசிய அறிக்கையைப் பெற்றாக வேண்டும். சால்வேஜ் போன்ற முத்திரை அதில் இருந்தால் காரில் சிவப்பு எச்சரிக்கைத் தாளை ஒட்ட வேண்டும். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் பழைய கார் விதிப்படி, உத்தரவாதம் உண்டா, ‘உள்ளது உள்ளபடி’ விற்பனையா என்பதைச் சொல்லும் வாங்குவோர் வழிகாட்டித் தாளையும் டீலர் காட்ட வேண்டும். இவ்விரு கடமைகளும் தனிநபர் விற்பனையாளருக்கு இல்லை. வாங்கிய காரை மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பலர் நம்புகிறார்கள்; கூட்டாட்சிச் சட்டம் அப்படி ஓர் உரிமையை டீலரிடம் கார் வாங்குவோருக்கு அளிக்கவில்லை.

ஏலத் தளங்களில் ‘ரன் அண்ட் டிரைவ்’ என்று குறிப்பிடுவது, கார் கிடங்குக்கு வந்தபோது இயங்கி, கியர் விழுந்து நகர்ந்தது என்பதற்கு மேல் எதையும் உறுதி செய்வதில்லை. ஹைபிரிட் காரில் இதற்கு மதிப்பு இன்னும் குறைவு, ஏனெனில் பலவீனமான பேட்டரியும் சில அடி தூரம் காரை நகர்த்திவிடும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ரையஸில் 28 தொகுதிகள் கொண்ட 201.6 வோல்ட் பேட்டரி பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே பின்புறம் மோதப்பட்ட காரில் பேட்டரிப் பெட்டியையும் அதன் குளிர்விப்புக் காற்றுவழியையும் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளையும் நேரில் பார்க்காமல் ஏலம் கேட்கக் கூடாது. ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக் ஒருவர் காரின் கணினித் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு பேட்டரிப் பகுதியின் மின்னழுத்தத்தையும் ஓட்டத்தின்போது ஒப்பிட வேண்டும். பேட்டரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற பிழைக்குறியீட்டை விற்பதற்கு முன் அழித்துவிட முடியும்; ஆனால் அழித்தபின் காரின் தற்சோதனைகள் முடியாத நிலையில் இருப்பதை அதே ஸ்கேனர் காட்டிவிடும்.

ஏர்பேக் விரிந்த காராக இருந்தால் மாற்றிய பாகத்தின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஏர்பேக்கை விரியச் செய்யும் தரமற்ற மலிவான ஊதிகளால் ஒன்பது மாதங்களில் மூவர் இறந்து, இருவர் கொடுங்காயம் அடைந்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமை 2024 ஜூலையில் எச்சரித்தது. பிழைத்திருக்கக்கூடிய விபத்துகளில் அவர்கள் இறந்தார்கள் என்பதால், இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது.

முழு இழப்பாக எழுதப்பட்ட காருக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது. ஹைபிரிட் பேட்டரிக்கான நீண்டகால உத்தரவாதமும் அத்துடன் போய்விடும். பல வங்கிகள் கடன் தருவதில்லை, பல காப்பீட்டு நிறுவனங்கள் பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே காப்பீடு தருகின்றன. எனவே பணம் செலுத்துவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை எழுத்தில் பெறுங்கள். ஏலத் தொகைக்கு மேல் வாங்குவோர் கட்டணம், கிடங்கு வாடகை, லாரிச் செலவு ஆகியவையும் சேரும்.

முத்திரையை மறைத்து ஒருவர் விற்றுவிட்டால், மாநில டி.எம்.வி.யின் புலனாய்வுப் பிரிவிடமும் தலைமை வழக்குரைஞர் அலுவலகத்திலும் புகார் செய்யலாம்; கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே கோரலாம். அதற்கு விளம்பரத்தின் படமும் விற்பவருடன் பரிமாறிய செய்திகளும் சான்றாகும். கார் விற்றதும் விளம்பரம் நீக்கப்பட்டுவிடும் என்பதால், அவற்றைப் பேரம் தொடங்கும் நாளிலேயே சேமித்து வையுங்கள்.