பள்ளிக் கட்டடப் பணத்தைப் பங்கிடும் கணிதம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் 28. கல்வி அமைச்சின் ஒதுக்கீடோ மாநில அரசின் மானியமோ, வருகிற பணம் எல்லாருடைய கோரிக்கைக்கும் போதாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ‘கட்டலாம்’, ‘இப்போது வேண்டாம்’ என இரண்டே முடிவுகள் என்றாலும், 268,435,456 விதமான பட்டியல்கள் போடலாம்.

ஒரு ரிங்கிட்டுக்கு எங்கே அதிகப் பிள்ளைகள் பயனடைகிறார்களோ அங்கிருந்து தொடங்கத்தான் யாருக்கும் தோன்றும். அது எப்படிக் காலை வாரும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். கையிருப்பு 10 மில்லியன் ரிங்கிட். ‘அ’ பள்ளிக்கு 6 மில்லியன் செலவு. 660 பிள்ளைகளுக்கு இடம். ‘ஆ’, ‘இ’ பள்ளிகளுக்குத் தலா 5 மில்லியன். தலா 500 பிள்ளைகள். மில்லியனுக்கு 110 பேர் என முந்தி நிற்பது ‘அ’. ஆனால் அதைக் கட்டிவிட்டால் மிஞ்சும் 4 மில்லியனில் வேறெதையும் கட்ட முடியாது. அதை விட்டு மற்ற இரண்டையும் கட்டினால் 1,000 பேர்!

மூன்று பள்ளிக்கு மனக்கணக்கு போதும். 28 பள்ளிக்கு, எய்ல்சா லேண்ட், அலிசன் டாய்க் என்ற இரு பெண் அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட வழிமுறை கைகொடுக்கிறது. அரைக் கட்டடம், கால் கட்டடம்கூடக் கட்டலாம் என்று கணினி முதலில் விதியைத் தளர்த்திக்கொள்கிறது. நிஜத்தில் யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். ஆனால் தளர்த்திய கணக்கு நொடியில் முடியும். அதன் விடையை எந்த நிஜப் பட்டியலும் தாண்டாது. நம் கணக்கில் அந்த உச்சம் 1,060. பிறகு ‘அ’வைக் கட்டும் கிளை, கட்டாத கிளை என்று பிரித்துக்கொண்டே போகும். ஒரு கிளையின் உச்சமே 950 என்றால், கையில் ஏற்கெனவே 1,000 இருக்கும்போது அதில் இறங்க வேண்டியதில்லை. அதிலுள்ள லட்சக்கணக்கான பட்டியல்கள் ஒரே வெட்டில் போய்விடும். முடிவில் விடையோடு, அதைவிட நல்ல பட்டியல் இல்லை என்ற நிரூபணமும் கிடைக்கும்.

மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் குறியாக வைத்தால், நிபோங் தெபால் பக்கத்துச் சிறிய தோட்டப் பள்ளிகளுக்கு முறை வரவே வராது. குற்றம் கணிதத்தின் மீதில்லை, நாம் கேட்ட கேள்வி அப்படி. அந்தப் பிள்ளைகளுக்கும் நல்ல வகுப்பறை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதைச் சமன்பாட்டிலேயே எழுத வேண்டும். 90 பிள்ளைகளுக்கு 2 மில்லியன் கேட்கும் ‘ஈ’ பள்ளியைச் சேர்த்து, ‘இதைக் கட்டியே ஆகவேண்டும்’ என்று நிபந்தனை போடுங்கள். இப்போது சிறந்த விடை அ, ஈ: 750 பேர். நிபந்தனையின் விலை 250 இடங்கள். ஒதுக்கீடு 12 மில்லியனாக உயர்ந்தால், நிபந்தனையின்றி 1,160, நிபந்தனையோடு 1,090. விலை 70-க்கு இறங்கிவிடும். பள்ளி வாரியம் மனுவில் எழுத வேண்டிய எண் அதுதான்: இன்னும் 2 மில்லியன்.